மஞ்சள் குடையின் மீதிப் பாதி

ராஜஸ்ரீக்கு முப்பத்துமூன்று வயது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் கைநிறையச் சம்பளம், நாலு பேர் பயப்படுகிற உத்தியோகம். எல்லாம் இருந்து என்ன, சாயங்காலம் வீடு திரும்பிக் கைகால் கழுவினதும் பொம்மைப் படம் பார்க்க உட்கார்ந்துவிடுவாள். வலியசாலைத் தெருவில் இது தெரியாதவர் இல்லை. அவளுடைய அம்மா விஜயத்துக்கு இது பெரிய மனக்குறை. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதுகூட அதற்கு அடுத்தபடிதான்.

"கார்ட்டூன் இல்லேம்மா, அனிமே," என்று ராஜஸ்ரீ திருத்துவாள்.

"பேரை மாத்திட்டா ஆச்சா? பொம்மைதானே நடக்கறது," என்பாள் விஜயம். "பொண் பாக்க வரவாகிட்ட இதைச் சொல்லித் தொலைக்காதே."

சொல்லித் தொலைத்ததும் உண்டு. போன ஆவணியில் வந்த ஒரு பையன், பொழுதுபோக்கு என்ன என்று கேட்டான். பாட்டு, கோலம் என்று எதையாவது உருட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். இவள் ஜப்பான் அனிமேஷன் என்றாள். "அப்படியா, எங்க அக்கா பையனும் பாப்பான், யூகேஜி படிக்கறான்," என்று அவன் சிரித்தான். மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் போயிற்று. எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போயிற்று என்பதை நாம் தோண்ட வேண்டாம்.

அவளுக்கென்று ஒரு கூட்டமும் இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழக்கூட்டம் என்கிற இடத்தில் ஹரிகுமார் என்கிற ஆபீஸ் சிநேகிதனின் ஃபிளாட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். சேர்ந்து படம் பார்ப்பார்கள், பழம்பொரி தின்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர் எழுந்து, நான் ஏன் இதைப் பார்க்கிறேன் என்று கொஞ்ச நேரம் பேச வேண்டும். அது அங்கே சட்டம். ரோஸ் என்கிற பெண் ஒரு மாதம் சொன்னாள்: "அதில வர்றவங்க வீட்டுக்குள்ள நுழையும்போது செருப்பைக் கழற்றி ஒழுங்கா வைப்பாங்க. அதைப் பாத்தாலே எனக்கு மனசு நிறைஞ்சிடும்." ஹரிகுமார் மழையைச் சொன்னான். நம்முடைய சினிமாவில் மழை வந்தால் ஒன்று டான்ஸ், இல்லாவிட்டால் கொலை. அதில் மழை சும்மா பெய்யும், ஒரு பையன் சும்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான், யாரும் அவனை அவசரப்படுத்த மாட்டார்கள் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். கேரளத்தில் மழையைப் பற்றிப் பேசினால் கைதட்டல் நிச்சயம்.

இந்த மாதம் ராஜஸ்ரீயின் முறை. அவளுக்குக் கவலையே இல்லை. மற்றவர்கள் யோசித்து வந்து பேசினார்கள். இவளிடம் பதில் ஒன்பது வயதிலிருந்தே தயாராக இருந்தது. ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி, அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தாள்.

அது என்ன காட்சி என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவள் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு தமிழ் சானலில் தினமும் சாயங்காலம் ஒரு ஜப்பான் தொடர் வந்தது. தமிழில் பேச வைத்திருந்தார்கள். 'கடலோர ஸ்டேஷன்' என்று பேர். கடற்கரையில் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன், அதில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அவரோடு இருக்கிற மருமகப் பையன். தினமும் ரயிலில் யாராவது எதையாவது மறந்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் ஒற்றைக் கையுறை, ஒரு நாள் சாப்பாட்டு டப்பா, ஒரு நாள் பாடாத பறவை ஒன்று கூண்டோடு. பையன் அதை எடுத்து வைத்து, யாருடையது என்று தேடிப் போய்க் கொடுப்பான். கதை அவ்வளவுதான். சண்டை கிடையாது, மந்திரம் கிடையாது. வலியசாலைத் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் இதென்ன அறுவை என்று வேறு சானலுக்குப் போய்விட்டார்கள். ராஜஸ்ரீ மட்டும் கண் கொட்டாமல் பார்த்தாள்.

பார்த்தாள் என்றேன், அதில் பாதிதான் உண்மை. தொடர் ஆறே காலுக்குத் தொடங்கி ஆறே முக்காலுக்கு முடியும். ஆறரை அடித்தால் அந்த வீட்டில் விளக்கு ஏற்ற வேண்டும். விளக்கு ஏற்றினால் டிவி இருக்கக் கூடாது. உலகமே கவிழ்ந்தாலும் விஜயம் அதில் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்க மாட்டாள். சரியாக விளம்பரம் வருகிற நேரத்தில் வந்து அணைப்பாள். அப்புறம் சுலோகம், அப்புறம் நமஸ்காரம். எல்லாம் முடித்துப் போட்டால் அங்கே செய்தி ஓடிக்கொண்டிருக்கும். பொருள் தொலைந்தது தெரியும், யாருடையது என்று தெரியாது. ஒரு குழந்தைக்கு இதைவிடக் கொடுமை ஒன்று உண்டா, சொல்லுங்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் இதைச் சொல்லி அழுதுவிட்டாள். கூட நடந்தவள் அனுஷா. தெருவுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். அவள் அம்மா மாடம்மாள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்த்தாள். அப்பா முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

"அதுக்கா அழுற? அந்த மீதி நான் பாத்தேனே," என்றாள் அனுஷா.

"உங்க வீட்டுல முழுசும் போடுவாங்களா?"

"முழுசு எங்க? சாவி அம்மாட்டல்லா இருக்கு. அவ வந்து கதவைத் திறக்கும்போ ஆறரை ஆயிரும். எனக்கு முதல்பாதி கிடையாது, உனக்கு மீதி கிடையாது. நீ எதுவரைக்கும் பாத்தேன்னு முதல்ல சொல்லு, அங்கேருந்து நான் சொல்லுதேன்."

அன்றைக்குத் தொடங்கியது. தினமும் காலையில் வலியசாலையிலிருந்து பள்ளிக்கூடம் வரை ராஜஸ்ரீ முதல் பாதி, அனுஷா மீதிப் பாதி. ராஜஸ்ரீ அவசரமாகச் சொல்லி முடிப்பாள். அனுஷா அப்படியில்லை. நின்று, கையை ஆட்டி, ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி தொண்டையைச் செருமி, ரயில் வருகிற சத்தம் போட்டு, சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவர்கள் திட்டினால்கூடக் காதில் வாங்காமல் சொல்லுவாள். சில நாள் இடிக்கும். முந்தாநாள் அனுஷாவின் பாதியில் செத்துப்போன தபால்காரர், இன்றைக்கு ராஜஸ்ரீயின் பாதியில் சைக்கிளில் வருவார்.

"செத்துட்டார்னு சொன்னியே?"

"அது தம்பி. இது அண்ணன். ரெட்டைப் பிள்ளைங்க. நீ சரியா பாக்கல."

இருக்கும், ஜப்பானில் எல்லோரும் ஒரே மாதிரிதானே இருக்கிறார்கள் என்று ராஜஸ்ரீ சமாதானமாகிவிட்டாள். இப்போது பெரிய கம்பெனியில் ஊர்ப்பட்ட கணக்கை எல்லாம் நோண்டித் தப்புக் கண்டுபிடிக்கிறவள், அப்போது அப்படி.

அந்த மீதிப் பாதிகளில் ஒன்றுதான் மஞ்சள் குடை. அடைமழை. ஸ்டேஷன் பெஞ்சுக்கு அடியில் யாரோ ஒரு மஞ்சள் குடையை விட்டுப் போயிருக்கிறார்கள், பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. இதுவரை ராஜஸ்ரீ பார்த்தது. மறுநாள் காலை, அனுஷா சொன்னாள்: அந்தக் குடை பட்டணத்தில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிற அம்மாவுடையது. அவளுக்கு ஒரு பெண். அந்தப் பெண்ணிடம் வீட்டுச் சாவி இல்லை. அதனால் தினமும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்திருப்பாள். அன்றைக்கு மழை, இருட்டு, வண்டியும் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன்னுடைய சோற்றுருண்டையைப் பிட்டுப் பாதியை அவள் கையில் வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க அம்மா வண்டி லேட்டாத்தான் வரும். ஆனா வராம இருக்காது."

அவ்வளவுதான். பெரிய வசனம் ஒன்றும் இல்லை. ஆனால் ராஜஸ்ரீயை அது விடவே இல்லை. பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோது நினைத்துக்கொண்டாள். அப்பா ஐ.சி.யு.வில் கிடந்தபோது, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒருத்தர் சோற்றுருண்டையோடு இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டாள். அப்பா அந்தத் தடவை எழுந்து வந்து இன்னும் நாலு வருஷம் இருந்தார். பெங்களூரில் தனியாக வேலை பார்த்த நாட்களில் ஜப்பான் படங்களைத் தேடித் தேடிப் பார்த்ததற்கும் அதுதான் காரணம். எந்தப் படத்திலாவது யாராவது யாருக்காவது சோற்றைப் பிட்டுக் கொடுத்தால் அவளுக்குக் கண் நிறைந்துவிடும்.

அனுஷாவை மட்டும் தொலைத்துவிட்டாள். அந்த வருஷப் பெரிய லீவில் லைன் வீடுகளை இடித்தார்கள். லீவுக்குத் திருநெல்வேலி போய்விட்டு ராஜஸ்ரீ வந்து பார்த்தபோது அங்கே செங்கல்தான் கிடந்தது. அனுஷா வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்றார்கள். தொடரையும் அதற்குள் நிறுத்தியிருந்தார்கள்.

சரி, இப்போதைக்கு வருவோம். பேச வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஹரிகுமார் ஒரு செய்தி அனுப்பினான். கடலோர ஸ்டேஷன் முழுவதும் ஜப்பானிய மொழியிலேயே, கீழே ஆங்கில எழுத்தோடு, ஆன்லைனில் வந்திருக்கிறது. 'நீ சொல்லும்போது அந்தக் காட்சியைத் திரையில் போட்டுக் காட்டலாம்' என்று எழுதியிருந்தான்.

 ராஜஸ்ரீ சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சள் குடையைத் தேடிப் போட்டாள். அதே மழை. அதே பெஞ்ச். குடையின் பிடியில் அதே சிவப்பு நூல். நூலைப் பார்த்ததும் அழுதேவிட்டாள். பையன் குடையை விரித்துப் பார்க்கிற இடம் வந்தது. விஜயம் வந்து டிவியை அணைக்கிற இடம் அதுதான். அதற்கு அப்பால் அவள் தன் கண்ணால் எதையும் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தாள். குடை ஒரு குண்டு மந்திரவாதியுடையது. திருவிழாவில் வித்தை காட்டுகிறவன். பையன் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவன் அதைச் சுழற்ற, உள்ளிருந்து புறா பறந்தது. எல்லோரும் சிரித்தார்கள். முடிந்தது. பெண் இல்லை, ஹோட்டல் அம்மா இல்லை, சோற்றுருண்டை இல்லை.

வெட்டிவிட்டார்களோ என்று பின்னால் போய்ப் பார்த்தாள். கையுறையைப் போட்டாள், பறவைக் கூண்டைப் போட்டாள். முதல் பாதி எல்லாம் அவள் நினைவில் இருந்தபடி இருந்தது. மீதிப் பாதி ஒன்றுகூட இல்லை. தபால்காரருக்குத் தம்பியே கிடையாது. அவர் சாகவும் இல்லை.

வெளியே வந்து விஜயத்திடம் கேட்டாள். "அம்மா, அனுஷாவாத்துல டிவி இருந்துதா?"

"எந்த அனுஷா? அந்த லைன் வீட்டுக் குட்டியா?" விஜயம் மோர் கடைந்துகொண்டே சொன்னாள். "எனக்கென்னடி தெரியும். நாம என்னிக்கு அங்கே போயிருக்கோம்?"

போனதில்லை. அது சத்தியம். அந்தத் தெருவில் லைன் வீட்டுக்குப் போகாதே என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். அனுஷாவும் ராஜஸ்ரீ வீட்டு வாசலோடு நிற்பாள். வருஷம் முழுக்கத் தோள் உரச நடந்த இரண்டு குழந்தைகள், ஒருத்தி வீட்டுக்குள் ஒருத்தி எட்டிப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் பூ விற்கிற பொன்னம்மையிடம் போய் நின்றாள். பொன்னம்மை மாடம்மாளுக்குத் தூரத்து உறவு. ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் ஊர்க்கதையே வரும். கேட்டதும் வாழை நாரைக் கீழே வைத்தாள்.

"டிவியா? கொள்ளாம், நல்ல கேள்வி," என்றாள். "அந்த லைன்ல ஒருத்தனுக்கும் டிவி கிடையாது பிள்ளே. மாடம்மா எட்டு மணி வண்டிக்குத்தான் வருவா. ஓட்டல்ல ராத்திரிக் கூட்டம் முடியாம விடமாட்டானுவ. அதுவரை அந்தப் புள்ள பூட்டின வீட்டுப் படியில உக்காந்திருக்கும். தன்னால பேசிக்கிட்டு இருக்கும். கிறுக்கு பிடிச்சிருமோன்னு நாங்கல்லாம் பயந்தோம்."

அனுஷாவுக்கு இப்போது நேமத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு, ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிற வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு என்று மற்ற விவரமும் பொன்னம்மையே சொன்னாள். போன் நம்பரும் கொடுத்தாள். ராஜஸ்ரீ போன் பண்ணவில்லை. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. என்னை மடச்சியாக்கியிருக்கிறாள், அதை வைத்து நான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன், அடுத்த வாரம் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று இல்லாத காட்சியைச் சொல்லியிருப்பேன் என்று மனசுக்குள் பொரிந்தாள். கூடவே இன்னொன்றும் குத்தியது. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை என்றால், ஐ.சி.யு. வாசலில் தன் பக்கத்தில் யார்தான் உட்கார்ந்திருந்தார்?

வீட்டுக்கு வந்து படுத்தாள். பூட்டின வீட்டுப் படி கண்ணில் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சாவி இல்லை. அவள் அம்மா ஹோட்டலில் வேலை செய்தாள். ஒன்பது வயதில் தெரியாமல் போனது சரி. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடத் தனக்குத் தோன்றவில்லையே என்று எழுந்து உட்கார்ந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலமாக நேமத்துக்கு பஸ் ஏறினாள்.

அனுஷா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், முன் நெற்றியில் நரை. கண் மட்டும் அதே கண். ராஜஸ்ரீயை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எட்டி, ராஜி."

"தெரியறதா?"

"உன் பல்லு மாறலியே," என்றாள் அனுஷா. "வா. உள்ள வா. என்ன அங்கேயே நிக்க?"

ராஜஸ்ரீ செருப்பைக் கழற்றினாள். அனுஷாவின் வீட்டுக்குள் அவள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அது இரண்டு பேருக்குமே தெரிந்தது, இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாடம்மாள் முழங்கால் வலியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "வலியசாலை சாமி வீட்டுப் புள்ளையா? நல்லா இருக்கியா மக்கா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அனுஷாவின் கணவன் பிரஜின் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன், லோடோடு கொல்லம் போயிருந்தான். கட்டன் சாயா வந்தது, மரச்சீனிக் கிழங்கு வற்றல் வந்தது. இடித்த வீடுகள், டீச்சர்மார், மூட்டைக்காரர்களின் வசவு எல்லாம் பேசினார்கள்.  கடைசியில் ராஜஸ்ரீ கேட்டாள்.

"அனுஷா, உங்க வீட்டுல டிவி இருந்துதா?"

அனுஷா டம்ளரைக் கீழே வைத்தாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"பொன்னம்மை சித்தி சொல்லிட்டாளா?"

"நானே பாத்துட்டேன். அந்தத் தொடர் இப்ப போன்ல வர்றது. நீ சொன்னது எதுவும் அதுல இல்லை."

"ஒண்ணுமே இல்லையா?" அனுஷாவின் குரலில் உண்மையான ஏமாற்றம் இருந்தது. "ஒண்ணு ரெண்டாவது சரியா வந்திருக்கும்னு நினைச்சேன்."

"எதுக்குடி சொன்னே?"

அனுஷா கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நீ அழுத. அழுகையை நிறுத்தலாம்னுதான் முதல் நாள் சொன்னேன். டிவி இல்லேன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, அதும் உண்டு. அப்புறம் எனக்கே விட முடியல. படியில உக்காந்து வேற என்ன செய்ய? நீ காலம்பற சொன்ன பாதியை வச்சுக்கிட்டு சாயங்காலம் பூரா மீதியைக் கட்டிக்கிட்டே இருப்பேன். அந்தக் கையுறை யாருக்குள்ளது, அந்தப் பறவை ஏன் பாடலன்னு. அம்மா வந்து நிக்கிறதுகூடத் தெரியாது."

"அந்தக் குடை," என்றாள் ராஜஸ்ரீ.   "பெஞ்ச்ல இருந்தது நீதானே?"

"பின்னே யாரு?"

"அப்ப சோத்தைப் பிட்டுக் குடுத்தது? யாரு குடுத்தா உனக்கு?"

"யாரும் குடுக்கல," என்றாள் அனுஷா, சாதாரணமாக. "நீ சொன்ன கதையில அந்த ஸ்டேஷன் மாஸ்டர் மாமா நல்லவரா இருந்தாரு. அதான் அவரைக் கூட்டிட்டு வந்து படியில என் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டேன்."

ராஜஸ்ரீ அழுதாள். மறைக்கவும் இல்லை. ஐ.சி.யு. வாசலை, பிளாஸ்டிக் நாற்காலியை, பெங்களூரை எல்லாம் சொன்னாள். அந்த மாமா என் பக்கத்திலும் வந்து உட்கார்ந்தார் என்று சொன்னாள். அனுஷா கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான் சொன்னதா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நான் இன்னைக்கு வரைக்கும் அதைப் பாத்ததில்லட்டி," என்றாள். "காட்டேன்."

ராஜஸ்ரீ போனை எடுத்து மஞ்சள் குடையைப் போட்டாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டப் பாயில் உட்கார்ந்தார்கள். மழை பெய்தது. ரயில் வந்தது. அனுஷா வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"இதா ஸ்டேஷன்? எவ்வளவு சுத்தமா இருக்கு. நான் பேட்டை ஸ்டேஷன் மாதிரி நினைச்சிருந்தேன். வடைக்காரன்லாம் உண்டு என் ஸ்டேஷன்ல." கொஞ்சம் கழித்து, "மாமாவுக்கு மீசை இல்லையா?" என்றாள்.  பையன் பெஞ்சுக்கு அடியிலிருந்து குடையை எடுத்தான். சிவப்பு நூலைத் தொட்டான். குடையை விரித்தான்.

"பிள்ளைங்களா," என்றாள் மாடம்மாள் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே. "நேரமாச்சு, விளக்கு கொளுத்தப் போறேன். அதை அணைச்சுப் போடுங்க."

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ராஜஸ்ரீ அணைத்தாள். மாடம்மாள் திரியை நிமிண்டி விளக்கை ஏற்றினாள். சின்ன வீடு, ஒரு விளக்குக்கே நிறைந்துவிட்டது. மூன்று பேரும் கும்பிட்டார்கள். வெளியே ஒரு பாசஞ்சர் வண்டி தடதடவென்று போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது என்று ராஜஸ்ரீக்கு அப்போது தெரிந்துவிட்டது. பாதி ஜப்பானிலிருந்து வந்தது, பாதி ஒரு பூட்டின வீட்டுப் படியிலிருந்து வந்தது, அதனால்தான் பார்க்கிறேன் என்று சொல்லிவிடலாம். திரையில் போட்டுக் காட்ட ஒன்றும் கிடையாது, அதனால் என்ன.

"சரி, மீதியைப் போடு," என்றாள் அனுஷா. "உண்மையில அது யாருக்க குடைன்னு பாப்போம்."

ராஜஸ்ரீ போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"எங்காத்துல பாதிதான் காட்டுவா, உனக்குத்தான் தெரியுமே. மீதியை நீ சொல்லு."

அனுஷா அவளை உற்றுப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது. நேராக உட்கார்ந்து சம்மணம் போட்டுக்கொண்டாள். ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி தொண்டையைச் செருமினாள்.

"நீ எதுவரைக்கும் பாத்தேன்னு முதல்ல சொல்லு," என்றாள்.